வெளிநாட்டுச் செய்தியோடு ஒரு வரைபடமும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், கைப்பேசிக்குள் உலகமே இருக்கும்போது பிள்ளைகள் நாடு, கடல், மலை என்று மண்டையில் ஏற்றிக்கொண்டு திரிய வேண்டுமா என்று கேட்டிருந்தார். படித்த பலரும் நியாயம்தானே என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை. கடிதம் நீண்டுவிட்டது, இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், கடைசியில் நான் கேட்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் 26 வருடம் சிங்கப்பூரில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் இருந்தேன். நாள் முழுக்க பில் ஆஃப் லேடிங், அதாவது கப்பலில் ஏற்றும் சரக்குக்கான ரசீது, அடிப்பதுதான் வேலை. ரோட்டர்டாம், டர்பன், ஜெபல் அலி, சலாலா, வால்பரைசோ என்று ஒரு நாளைக்கு இருபது முப்பது ஊர்ப் பெயர்கள் கைவழியாகப் போகும், எழுத்துப்பிழை ஒன்றுகூட விழாது, ஆனால் அவற்றில் பாதி எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. பள்ளியில் படித்த புவியியல் என்பது தலைநகரங்களை மனப்பாடம் செய்ததும், அச்சடித்த படத்துக்குக் கலர் அடித்ததும்தான். கடலுக்கு நீலம், மலைக்குப் பழுப்பு. தேர்வு முடிந்த மறுநாளே எல்லாம் போய்விட்டது.

அப்புறம் ஒரு நாள் ட்ரிப்போலிக்குப் போக வேண்டிய ஒரு பெட்டியின் ஆவணத்தில் லிபியா என்று அடித்துவிட்டேன். அது போக வேண்டியது லெபனானில் இருக்கும் ட்ரிப்போலிக்கு. இரண்டும் துறைமுகம், இரண்டுக்கும் ஒரே பெயர். நல்லவேளை, கப்பல் கிளம்புவதற்கு முன்பே வாடிக்கையாளர் பார்த்துவிட்டார். தொலைபேசியில் அவர் கத்தவில்லை. எங்கள் ஊர் எந்தக் கடலோரம் இருக்கிறது என்றாவது உங்களுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. அன்று மாலை வேலை முடிந்ததும் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் பழைய புத்தகக் கடையில் ஒரு அட்லஸ் வாங்கினேன். இரண்டு ட்ரிப்போலியும் ஒரே கடலில்தான் இருக்கின்றன, மத்தியதரைக் கடலில், ஒன்று தென்கரையில், மற்றது கிழக்குக் கரையில். அப்போது எனக்கு 43 வயது.

எங்கே தொடங்குவது என்று சொல்லித்தர ஆள் இல்லை. அட்லஸை முதல் பக்கத்திலிருந்து படிக்கப் பார்த்தேன், ஒன்றும் நிற்கவில்லை. பிறகுதான் ஒரு கப்பல் போகும் வழியைப் பிடித்துக்கொண்டேன். நம் துறைமுகத்திலிருந்து கிளம்பி மலாக்கா நீரிணை, பினாங்கு, நிக்கோபாருக்குத் தெற்கே திரும்பி இலங்கையின் காலி முனை, அங்கிருந்து அரபிக்கடல், ஓமானின் சலாலா, பாப் எல் மண்டெப் நீரிணை, செங்கடல், சூயஸ், போர்ட் சயீட். இந்த ஒரு கோட்டை ஆயில் பேப்பர் வைத்து ஐந்தாறு முறை வரைந்த பிறகு, அட்லஸை மூடிவிட்டு வெறும் தாளில் ஞாபகத்திலிருந்து வரைந்து பார்த்தேன். செங்கடலை அரபிக்கடலுக்கு நடுவிலேயே கொண்டுபோய் வைத்திருந்தேன். அடுத்த வாரம் கொஞ்சம் தேவலை. ஞாயிறு காலை காப்பி குடித்துவிட்டு ஒரு வரைபடம் என்று வைத்துக்கொண்டேன், இன்றுவரை நிறுத்தவில்லை. கை வரைந்தது மறக்காது. தலைநகரங்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கரையோரம், ஆறு, மலை, காற்று.

காற்றைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நாம் இங்கே டுரியான் மூசிம் என்கிறோமே, அந்த மூசிம் அரபு மொழியின் மவ்சிம், பருவம் என்று பொருள். அதே அரபுச் சொல்தான் போர்த்துகீசியர் வாயில் புகுந்து ஆங்கிலத்தில் மான்சூன் ஆனது. வடகிழக்குக் காற்றில் ஒரு பக்கம், தென்மேற்குக் காற்றில் மறுபக்கம் என்று பாய்மரக் கப்பல்கள் போய் வந்தன, காற்று மாறும்வரை வியாபாரிகள் இந்தக் கரைகளில் மாதக்கணக்கில் தங்கினார்கள். வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் நம்மிடம் தனிப் பெயர் இருப்பது சும்மா இல்லை.

சரி, வரையத் தொடங்கிய பிறகுதான் அடுத்த சந்தேகம் வந்தது. இந்தக் கோடுகளை முதலில் போட்டவர் யார், அவருக்கு எப்படித் தெரியும்? அங்கிருந்து வரைபட வரலாற்றுக்குள் போனேன். உண்மையைச் சொன்னால் புவியியல் எனக்குப் புரிந்ததே அதன் வழியாகத்தான்.

வகுப்பறையில் தொங்கும் உலகப்படத்தில் கிரீன்லாந்து கிட்டத்தட்ட ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். ஆப்பிரிக்கா ஏறத்தாழ 3 கோடி சதுர கிலோமீட்டர், கிரீன்லாந்து சுமார் 22 லட்சம், அதாவது பதினான்கில் ஒரு பங்கு. ஏன் இப்படி என்று எத்தனை பேர் விளக்கியும் ஏறாத எனக்கு ஒரு பம்ப்ளிமாஸ் பழம் விளக்கியது. சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்தது. அதன் மேல் மார்க்கர் பேனாவால் நடுக்கோடு, அதாவது பூமத்திய ரேகை, போட்டு, கண்டங்களை உத்தேசமாக வரைந்து, தோலை முழுசாக உரித்து மேசையில் அழுத்தினேன். மேலும் கீழும் கிழிந்து வாயைப் பிளந்தது. அந்தப் பிளவுகளை மூட வேண்டுமானால் தோலை இழுத்துத்தான் ஆக வேண்டும், துருவத்துக்குப் பக்கத்தில் போகப்போக அதிகமாக இழுக்க வேண்டும். 1569-இல் ஜெரார்டஸ் மெர்கேட்டர் என்ற வரைபடக்காரர் செய்தது அதைத்தான், ஆனால் கணக்கோடு செய்தார். பக்கவாட்டில் எவ்வளவு இழுத்தாரோ அதே அளவு மேல்நோக்கியும் இழுத்தார். 60 டிகிரி அட்சரேகையில் நீளமும் அகலமும் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. அதனால் கிடைத்த லாபம், திசைகாட்டி முள்ளை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு போகும் கப்பலின் பாதை அந்தப் படத்தில் நேர்கோடாக விழும். மாலுமிக்கு ஒரு ரூலர் போதும்.

இந்தப் படம் வெள்ளைக்காரன் தன் நாட்டைப் பெரிதாகக் காட்டச் செய்த சூழ்ச்சி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மெர்கேட்டர் கப்பலில் போகிறவனுக்காகச் செய்தார், படத்தின் தலைப்பிலேயே அது கடலோடிகளின் உபயோகத்துக்கு என்று போட்டார். கப்பலில் இருக்க வேண்டிய கருவியை எடுத்துக் குழந்தைகள் வகுப்பறையில் உலகம் இதுதான் என்று மாட்டினார்களே, தப்பு அங்கேதான். நடுக்கோட்டிலேயே உட்கார்ந்திருக்கும் நமக்கு இதில் நஷ்டம் அதிகம். நம் பக்கத்து நாடு இந்தோனேசியாவை எடுத்து ஒரு முனையை லண்டனில் வைத்தால் மறுமுனை டெஹ்ரானைத் தாண்டிப்போகும், சுவர்ப் படத்தைப் பார்த்து யாராவது அப்படி நினைப்பார்களா? கைப்பேசியில் நாம் விரலால் தள்ளிப் பார்க்கும் தட்டைப்படமும் அதே மெர்கேட்டர் குடும்பம்தான். அதோடு கைப்பேசி எப்போதும் ஒரு நீலப்புள்ளி போட்டு நம்மை நடுவில் வைத்துவிடுகிறது, எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்கிறது, வழியில் என்ன இருந்தது என்று சொல்வதில்லை. அந்த வாசகருக்கு என் பதில் இதுதான்.

இன்னொன்று. மேலே வடக்கு இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 1154-இல் சிசிலி அரசன் இரண்டாம் ரோஜருக்காக அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி வரைந்த உலகப்படத்தில் தெற்குதான் மேலே. சிசிலிக்கு வந்த பயணிகளையும் வியாபாரிகளையும் வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டுச் சரிபார்த்து வரைந்தது அது. எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் படத்தையும் தலைகீழாகத்தான் மாட்டியிருக்கிறேன், வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள், தெரிந்த நாட்டையே தேடுகிறார்கள்.

போன ஜூன் விடுமுறையில் தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் பேத்தி வீட்டில் இருந்தாள். துணி காயப்போடும் மூங்கில் கழி ஒன்றை அளந்து, ஒரு மீட்டர் வெளியே தெரிகிற மாதிரி மணல் வாளியில் நட்டு, பல மாடிக் கார் நிறுத்தத்தின் மொட்டைமாடிக்குக் கொண்டுபோனோம். பன்னிரண்டு மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைத்தாள். உச்சி வெயில் பன்னிரண்டுக்குத்தானே என்றாள், ஆனால் நிழல் குறைந்துகொண்டே போய் 1 மணி 5 நிமிடம் வாக்கில்தான் மிகக் குட்டையானது, சுமார் 40 சென்டிமீட்டர், அதுவும் தெற்குப் பக்கமாக விழுந்தது. ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே இருப்பதால் அப்படி. மார்ச் 23-ஐ ஒட்டியும் செப்டம்பர் 20-ஐ ஒட்டியும் நட்டுப் பார்த்தால் நிழலே இல்லாமல் போகும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நம் கடிகாரம் கிரீனிச்சுக்கு 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது, நம் சூரியனோ கடிகாரத்துக்கு 65 நிமிடம் பின்னால் வருகிறது. கழித்தால் 6 மணி 55 நிமிடம், 415 நிமிடம். பூமி ஒரு டிகிரி திரும்ப 4 நிமிடம் ஆகும், ஆகவே 415-ஐ 4-ஆல் வகுத்தால் 103.75, அதாவது 103 டிகிரி 45 நிமிடம். அட்லஸில் சிங்கப்பூரின் தீர்க்கரேகை 103 டிகிரி 50 நிமிடம் என்று போட்டிருக்கிறது. ஒரு மூங்கில் கழியும் கைக்கடிகாரமும் வைத்து நாம் உலகத்தில் எங்கே இருக்கிறோம் என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இங்கே காலை ஏழு மணிக்கு ஏன் விடிகிறது என்பதும் சேர்ந்தே புரிந்தது. 1982 புத்தாண்டில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இதே கணக்கைக் கடலில் போட முடியாமல்தான் எத்தனையோ கப்பல்கள் பாறையில் மோதின. ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் நேரம் காட்டாது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1714-இல் 20,000 பவுண்டு பரிசு அறிவித்தது, தச்சுத் தொழில் கற்ற ஜான் ஹாரிசன் வாழ்நாள் முழுக்க அதற்கே செலவழித்துக் கடைசியில் உள்ளங்கையில் வைக்கும் அளவுக்கு ஒரு கடிகாரம் செய்தார். நிழல் கணக்கும் புதிது இல்லை. கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலேயே, எகிப்தின் சயீனி ஊரில் நிழல் விழாத அந்த நண்பகலில் அலெக்சாண்டிரியாவில் விழும் நிழலின் கோணம் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என்பதையும் இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரத்தையும் வைத்தே பூமியின் சுற்றளவைச் சொன்னார்.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பெரிய இடம் உண்டு, நம்மில் பலருக்குத் தெரியாது. இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய அளவைப் பணி 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலைக்குப் பக்கத்தில் தொடங்கியது. வில்லியம் லாம்டன் ஏழரை மைல் தூரத்தை நூறடிச் சங்கிலியால், கிட்டத்தட்ட 400 முறை நீட்டி அளந்தார். ஒரு பக்கம் சரியாகத் தெரிந்துவிட்டால் போதும், இரண்டு முனையிலிருந்தும் தூரத்தில் இருக்கும் ஒரு புள்ளியின் கோணத்தைப் பார்த்தால் மற்ற இரண்டு பக்கமும் கணக்கில் வந்துவிடும், அந்தப் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம். கோணம் பார்க்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. காவிரிப் படுகையில் மலை ஏது? கோபுரங்கள் மேல் ஏற்றினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் புதிது வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை, பிரித்துப் போட்டு வாரக்கணக்கில் தானே தட்டிச் சரிசெய்து மறுபடியும் வேலையைத் தொடர்ந்தார். அந்த முக்கோணச் சங்கிலி வடக்கே இமயமலைவரை போனது. அங்கே 15-ஆம் எண் சிகரம் என்று குறித்து வைத்திருந்ததுதான் உலகிலேயே உயர்ந்தது என்று 1852-இல் கணக்குப் போட்டுச் சொன்னவர் ராதாநாத் சிக்தார், வங்காளி. பெயர் லாம்டனுக்குப் பிறகு அந்தப் பணியை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட்டுக்குப் போனது. தஞ்சாவூர் போனபோது பெரிய கோயில் விமானத்தை அண்ணாந்து பார்த்து இதை என் அக்காவிடம் சொன்னேன், நந்தியை விட்டுவிட்டு இதைப் பார்க்கிறாயே என்றார்.

ராஜேந்திர சோழரின் மெய்க்கீர்த்தியை எல்லாரும் வீரக்கதையாகப் படிக்கிறார்கள். ஸ்ரீவிஜயம், மலையூர், இலங்காசோகம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என்று அந்த வரிகள் போகும்போது 26 வருடம் துறைமுகப் பெயர் அடித்த எனக்கு அது ஒரு துறைமுகப் பட்டியலாகத்தான் தெரிந்தது. மாநக்கவாரம் நிக்கோபார், இலாமுரிதேசம் சுமத்ராவின் வடமுனை, கடாரம் கெடா. தாளில் குறித்துப் பார்த்தால் மலாக்கா நீரிணையின் இரண்டு கரையும் வந்துவிடுகிறது, நான் முதன்முதலில் வரைந்த அதே வழி. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணங்களிலிருந்து வந்த வரைபடமும் இதே நீர்வழியைக் காட்டுகிறது. அது நீளமான பட்டைபோல ஓடும், வடக்கு தெற்கு பார்க்காது, இந்த ஊசித் திசையில் இத்தனை சாமம் போ என்று எழுதியிருக்கும், அதில் நம் தீவுக்குத் தன்மாசி என்று பெயர், தெமாசெக்தான். அந்தச் செங் ஹோ இலங்கையில் வைத்த 1409-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் மூன்று மொழிகள், சீனம், பாரசீகம், தமிழ். இந்தக் கடலில் தமிழ் படிக்கிறவர்கள் இருந்ததால்தானே எழுதினார்கள்.

நம் ஊரிலும் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். 1822-இல் லெப்டினன்ட் ஜாக்சன் வரைந்த நகரத் திட்டத்தில் சிங்கப்பூர் ஆற்றோரம் சூலியா கம்போங் என்று ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது, நம்மவர்களுக்கு ஒதுக்கியது. அது ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று நினைத்து வரைந்த படம் என்பதை மறந்துவிடக் கூடாது. தெலுக் ஆயர் தெருவில் இருக்கும் நாகூர் தர்கா ஒரு காலத்தில் கடலைப் பார்த்து நின்றது. கரை இறங்கியவர்கள் முதலில் நன்றி சொன்ன இடம். இன்று அங்கே நின்றால் கடல் கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு தூரம் மண் போட்டு நிரப்பிவிட்டார்கள். 1960-களில் 581 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இப்போது 730-ஐத் தாண்டிவிட்டது. சிங்கப்பூரும் மலேசியாவும் உரிமை கோரிய பெட்ரா பிராங்கா தீவு வழக்கில் 2008-இல் அனைத்துலக நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, மலேசியத் தரப்பே 1962-லிருந்து வெளியிட்ட வரைபடங்களில் அந்தத் தீவின் பெயருக்குக் கீழே சிங்கப்பூர் என்று அச்சிட்டிருந்ததையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

இனி நான் கேட்க வந்தது. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது உங்கள் பத்திரிகையில் தினமும் செய்தி வந்தது. கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி நன்னம்பிக்கை முனை வழியாகப் போகின்றன, பத்து நாள் போலக் கூடுதலாகிறது, சரக்குக் கட்டணம் ஏறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் புளோக் கீழே காப்பிக் கடையில் அதைப் படித்த மூன்று பேர் என்னிடம், செங்கடலில் சண்டை என்றால் எதற்கு ஆப்பிரிக்காவையே சுற்ற வேண்டும் என்று கேட்டார்கள். நாப்கின் தாளில் வரைந்து காட்டினேன். பாப் எல் மண்டெப் என்ற அந்தக் குறுகிய வாசலை வரைந்ததும், ஓ, இதை அடைத்தால் சூயஸுக்கே போக முடியாதே என்று அவர்களே சொன்னார்கள். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த நாப்கின் படத்தை நீங்கள் போடுங்கள். வெளிநாட்டுச் செய்தி எது வந்தாலும் பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வரைபடம் போதும், கலர்கூட வேண்டாம். அதில் வடக்கு எது என்று ஒரு அம்புக்குறி, அளவுகோல் ஒன்று, சிங்கப்பூரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு வரி. அப்புறம் ஊர்ப் பெயர்களை ஒரே மாதிரி எழுதுங்கள். ஒரே ஊர் திங்கட்கிழமை ஒரு மாதிரியும் வியாழக்கிழமை வேறு மாதிரியும் வந்தால், தமிழில் மட்டும் படிக்கிற என் போன்றவர்கள் அட்லஸில் எதைத் தேடுவது? ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால் உங்கள் செய்தியாளர்களுக்கும் சுலபம். ஊர்ப் பெயர் பட்டியல் தயாரிக்க ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன், வாரத்தில் மூன்று நாள் காலை நேரம் எனக்குச் சும்மாதான் இருக்கிறது.

வருகிற செப்டம்பர் 20 வாக்கில் மழை இல்லாமல் இருந்தால் பேத்தியும் நானும் மறுபடியும் அதே மொட்டைமாடியில் கழியை நடப்போம். நிழல் இல்லாமல் போவதை அவள் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன்